இரண்டாவது சாடி

என் மேசைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் சாடி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மூடி போட்டது. கழுத்தருகே மயிரிழைபோல ஒரு விரிசல். அறைக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, உப்புச் சாடியா, ஊறுகாய்ச் சாடியா என்று கேட்பார்கள். விருத்தாசலத்துச் சாமான் என்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஊரோரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நான் புது டாக்டர். அறுவை சிகிச்சை நிபுணனாக வேண்டும் என்பதுதான் என் ஆசை. மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை அங்கே நாளைக் கடத்தினால் போதும் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் வரும் காசநோய் வரிசையை என் தலையில் கட்டியிருந்தார்கள். மூத்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். நானும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துதான் வைத்தியம் செய்தேன்.

சளி பிடித்துத் தருகிற டப்பாக்கள் பாதி நாள் இருக்காது. எதிலாவது பிடித்து வீட்டிலிருந்தே கொண்டு வரச் சொல்லிவிடுவோம். கொட்டாங்குச்சியில் வரும், தீப்பெட்டியில் வரும். பீங்கான் பட்டறை ஆட்கள் மட்டும் சாடியில் கொண்டு வருவார்கள். சூளையில் வெடிப்பு விட்டுக் கழித்துப் போட்டதை வீட்டுக்கு எடுத்துப் போவது அவர்கள் வழக்கம். உப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் அந்த வீடுகளில் விரிசல் விட்ட சாடிகளில்தான் இருக்கும். அப்படி ஒரு செவ்வாயன்று வந்தவர்தான் பொம்மைக்கார அம்மா. காய்ந்த பொம்மைகளின் விளிம்பைப் பிளேடால் சுரண்டிச் சீர்செய்வது அவர் வேலை. அந்தத் தூசு பல வருடங்களாக அவர் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது.

அன்றைக்கு அவர் கையில் இரண்டு சாடிகள் இருந்தன. இரண்டு எதற்கு என்று கேட்டேன். திரும்பி வரிசையைப் பார்த்தார். பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றிருந்தார்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று எடுத்துவந்ததாகச் சொன்னார். ஒரு அட்டைக்கு ஒரு சளிதான் என்று சிரித்தபடி அவர் முதலில் நீட்டியதைச் சோதனைக்கு அனுப்பினேன். மற்றதைச் சோதனைக்கூடத்துக்காரர் கொட்டிவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து, சாமான் நன்றாக இருக்கிறதே என்று என் மேசைமேல் வைத்தார். குண்டூசி போட்டு வைத்துக்கொண்டேன்.

சோதனையில் கிருமி இருந்தது. அட்டை எழுதி, மாத்திரைகளும் சிவப்புக் கேப்சூல்களும் கொடுத்தோம். மாத்திரை தீர்ந்த காலி அட்டைகளை அடுத்த முறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது என் சட்டம். அவர் ஒன்றுகூடத் தவறாமல் மடித்து எடுத்து வருவார். மற்ற நோயாளிகளைத் திட்டும்போது அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். இரண்டு மாதம் கழித்து, கூட்டம் நெரிந்த ஒரு நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டார்.

“சார், முழு மாத்திரை போடாம அரை போட்டா கேக்குங்களா?”

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த அட்டையில் கையெழுத்துப் போட்டபடியே, “ஒண்ணுமே போடாததுக்கு அரையாச்சும் போடும்மா” என்றேன். அவர் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அதற்குப் பிறகு இருமல் குறையவே இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று நாலு பேர் முன்னால் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் காலி மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினார்.

ஒன்றரை வருடம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திட்டக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். ரத்தமாகத் துப்பவும், புகுந்த வீட்டார் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இதற்குமுன் மருந்து சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டேன். அம்மா தினமும் மாத்திரையைப் பிளேடால் சரிபாதியாக அறுத்துத் தருவார், சிவப்புக் கேப்சூல் மட்டும் ஒருநாள் அவருக்கு, மறுநாள் தனக்கு என்று அந்தப் பெண் சொன்னாள். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“அப்பவே இவளுக்கும் இருமலு இருந்துது சார்,” என்றார் அம்மா. “அட்டை போட்டா வூட்டுக்கு ஆளு வந்து விசாரிப்பாங்க. அப்ப கண்ணாலம் பேசிட்டு இருந்தோம். ஒல வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுங்களா? அந்த ரெண்டாவது சாடி இவளுதுதான். அப்புறந்தான் நீங்களே சொன்னீங்களே சார், அரையாச்சும் போடுன்னு.”

குற்றம் சொல்லும் குரலே இல்லை. டாக்டர் சொன்னபடி நடந்தேன் என்று எனக்கே சாட்சி சொன்னார்.

அரைகுறை மருந்து தின்ற கிருமி அடிபட்ட பாம்பைவிட மோசமானது. எங்களிடம் இருந்த மருந்து எதுவும் இருவருக்கும் கேட்கவில்லை. வேறு மருந்துகள் உண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஊர் ஊராகக் கடிதம் எழுதினேன். சென்னைக்கு நேரில் போய் மூத்த டாக்டர் ஒருவரிடம் கெஞ்சினேன். “குடுத்தா மட்டும் அவங்க ஒழுங்கா சாப்பிடப் போறாங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நானும் செவ்வாய்தோறும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் ஐப்பசி மழையில் போனாள். தை பிறப்பதற்குள் அம்மாவும் போய்விட்டார்.

அறுவை சிகிச்சை ஆசை அதோடு விட்டது. நெஞ்சுநோய் படித்தேன், பிறகு தொற்றுநோய்ப் பிரிவுக்கே வந்து சேர்ந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நோயாளியின் பேர் ஊருக்குத் தெரியக்கூடாது, வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்று தனியாக அழைத்துக் கேட்க வேண்டும், சென்னைக்காரருக்குக் கிடைக்கிற மருந்து பட்டறைக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசிவருகிறேன். ஏழைகளின் டாக்டர் என்று மாலை போடுகிறார்கள். கூசுகிறது. போன மாதம் ஒரு கூட்டத்தில், நோயாளிகளின் அலட்சியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார் ஓர் இளைய டாக்டர். எழுந்து பொரிந்து தள்ளினேன். கைதட்டினார்கள். சாப்பாட்டு மேசையில் அந்த இளைஞர் பக்கத்தில் இருந்தவரிடம் அதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். எதுவும் மாறாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறேன்.

அன்று திரும்பி வந்து அறையில் உட்கார்ந்தேன். மேசைமேல் சாடி. குண்டூசிகளை எப்போதோ எடுத்துவிட்டேன், இப்போது காலியாகத்தான் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை அதில் ஒரு பெண்ணின் உயிர் இருந்தது. அவள் அம்மா அதை ஊருக்குத் தெரியாமல் எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்தார். அன்று நான் மூடியைக்கூடத் திறக்கவில்லை.