பிராசஸிங்ல இருக்கு சார்

எங்கள் பஸ்ஸில் ஏறுகிற யாருக்கும் போக வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது. நாட்டை விட்டு வெளியே போனோம் என்று ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்காகவே ஓடுகிற பஸ் அது.

அன்று காலை ஷார்ஜாவில் எங்கள் டிராவல்ஸ் வாசலில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் படியருகே நின்று பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தேன். முழுக்கைச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டிருந்த ஒருவர் ஏறி, "தம்பி, எனக்கு எந்த சீட்?" என்று கேட்டார். "மூணாவது வரிசை, ஜன்னல் பக்கம் சார்" என்றேன். அவர் என் அப்பா.

வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டதுதான். பல் தேய்த்துக்கொண்டே சொன்னார். பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கலாம், மற்றவர்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் சார் என்றே கூப்பிடு, திரும்பி வந்து இறங்குகிற வரைக்கும் அப்படியே இரு என்றார். ஒரு கட்டுமானக் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்தவர். வேலை போனது. வேலையோடு விசா போனது. அந்த விசாவில் இருந்த அம்மாவும் தங்கச்சியும் திருச்சிக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் பி.ஆருக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். ஊரிலிருந்தும் காத்திருக்கலாம். ஆனால் இங்கே இருந்தால் வேலை தேடலாம், அங்கே போனால் 'ஏன் வந்துட்டீங்க' என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதனால் விசிட் விசா. அது முடியும்போதெல்லாம் நாட்டை விட்டு வெளியே போய்த்தான் புதிதாக வாங்க வேண்டும், அதற்குத்தான் இந்த பஸ். புது விசா வந்தால் ஷார்ஜாவுக்குத் திரும்பலாம், வராவிட்டால் அப்படியே திருச்சிக்கு விமானம்.

சார் என்று கூப்பிடு என்றபோது எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது. விசா மாற்றப் போன, போகப்போகிற அண்ணன் அக்காமாரே, உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். சேர்ந்தே வெட்கப்படுவோம்.

அது வர்ற வரைக்கும்

நான் இந்த வேலைக்கு வந்ததே கனடாவால்தான். ப்ளஸ் டூ முடித்ததும் கூடப் படித்தவர்கள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் காலேஜில் சேரப் போனார்கள். எங்கள் வீட்டில், இங்கே எதற்குச் சேர்த்துக்கொண்டு, கனடா வந்துவிடும், அங்கே போய்ப் படிக்கலாம் என்றார்கள். சோபாவின் ஒரு கால் உடைந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். அந்த இடத்தில் என் பழைய கெமிஸ்ட்ரி புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். சோபா நின்றுவிட்டது. நான்தான் எதிலும் நிற்காமல் போனைப் பார்த்தபடி அதன் மேல் படுத்துக் கிடந்தேன்.

வெறுத்துப்போய் ஒரு நாள் கீழே இருந்த டிராவல்ஸில் போய் வேலை கேட்டேன். முதலாளி செல்வம் அண்ணன், கும்பகோணத்துக்காரர். ஏன் காலேஜ் போகவில்லை என்றார். கனடா விஷயத்தை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. கண்ணு பட்டுவிடுமாம், கம்பெனி காதுக்குப் போனால் வேலைக்கும் ஆபத்தாம். அதனால், ஒரு விஷயம் வரவேண்டியிருக்கிறது, அது வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று மென்று விழுங்கினேன். செல்வம் அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கனடாவா, ஆஸ்திரேலியாவா?"

ஷாப்பிங்

பஸ் கிளம்பியதும் என் முதல் வேலை பாடம் நடத்துவது. ஓமன் எல்லையில் அதிகாரி எதற்கு வருகிறாய் என்று கேட்பார். விசா மாற்ற என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் அதைச் சொல்லக்கூடாது. விசிட் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஷாப்பிங். நான் டிரைவர் கான் பாய் பக்கத்தில் நின்றுகொண்டு, மீசை நரைத்தவர்களையெல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகள் மாதிரி திருப்பிச் சொல்ல வைப்பேன். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் அப்பாவும் சொன்னார். விசிட். ஷாப்பிங். எனக்கு ரைம்ஸ் சொல்லிக் கொடுத்த அதே வாய். நான் கான் பாயின் கண்ணாடியில் தொங்கிய மணிமாலையைப் பார்த்துக்கொண்டே பாடத்தை முடித்தேன்.

எல்லையில் முருகேசன் அண்ணன் மாட்டிக்கொண்டார். புதுக்கோட்டைப் பக்கம், கொத்தனார். ஷாப்பிங் என்று சரியாகத்தான் சொன்னார். அதிகாரிக்கு அன்றைக்கு நல்ல மனநிலை போலிருக்கிறது, என்ன வாங்கப் போகிறாய் என்று ஹிந்தியில் கேட்டார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முருகேசன் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சிமெண்ட் என்றார். அதிகாரி சிரித்து, பக்கத்துக் கவுண்டர்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்து, முத்திரையைக் குத்தினார். வரிசையில் எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும்தான். பஸ்ஸில் ஏறியதும், ஏண்ணே, ஒரு சட்டை, செண்ட் பாட்டில் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை.

"இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல நான் கடைக்குப் போய்க் கேட்டது அது ஒண்ணுதான் தம்பி."

வெறும் பக்கமும் வேணும்

அப்பா பயந்தது நடந்தே விட்டது. எல்லைக்கு முன்பே, ஷார்ஜாவுக்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் ரமேஷ் சார், அப்பாவுக்குக் கீழே ஸ்டோர்ஸில் இருந்தவர். ஆபீஸ் ஆட்களை அப்பா வீட்டுக்கு அழைத்ததே இல்லை, அதனால் அவருக்கு என்னைத் தெரியாது. ஒருவரையொருவர் பார்த்ததும் இருவர் முகமும் செத்துப் போனது. பிறகு வேறு வழியில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வேலை கிடைக்கும் போலவே இல்லை, பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று பார்க்கிறேன், கனடா கினடாவெல்லாம் நமக்கு எதற்கு என்றார் அப்பா. அதானே சார், அந்தக் குளிரில் யார் போய்ச் சாவது என்றார் ரமேஷ் சார். நான் பின்பக்கம் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில் இரண்டு முறை அந்த வரிசையைக் கடந்தேன். இரண்டு முறையும் கனடாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லை தாண்டிய சின்ன ஊரில் எங்களுக்கென்று ஒரு ஹோட்டல் உண்டு. புது விசா வருகிறவரை அங்கேதான் இருக்க வேண்டும். போய் இறங்கியதும் ரமேஷ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துத் தர முடியுமா என்றார். எந்தப் பக்கம் சார் என்றேன். எல்லாம், வெறும் பக்கமும் வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இது போதும். வேலை தேடுகிறவன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கேட்பான். வெறும் பக்கத்தைக் கேட்கிறவன் பி.ஆர். போட்டவன். எந்த நாட்டுக்குள் எப்போது போனாய், எப்போது வந்தாய் என்று அவர்களுக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம் வீட்டில் அப்பாவுக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வெறும் பக்கங்களோடு சேர்த்து. ரமேஷ் சார் என் தோளில் கை போட்டுக் குரலைத் தணித்தார்.

"மூணாவது வரிசையில இருந்தாரே, எங்க பழைய மேனேஜர், அவர் காதுக்குப் போயிடக்கூடாது தம்பி. கண்ணு வச்சிருவார்."

செல்வம் அண்ணன் சொல்லிக் கொடுத்த சொல்

ஹோட்டல் ஹாலில் எல்லாரும் என் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விசா வந்தால் செல்வம் அண்ணன் எனக்கு அனுப்புவார், நான் பெயரைக் கூப்பிடுவேன். பரீட்சை ரிசல்ட் மாதிரி இருக்கும். வேலையில் சேர்ந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டார். வரும் என்று சொல்லாதே, வராவிட்டால் சட்டையைப் பிடிப்பான். வராது என்றும் சொல்லாதே, இங்கேயே உட்கார்ந்து அழுவான். எவன் எப்போது கேட்டாலும் பிராசஸிங் என்று சொல். அந்த ஒரு சொல்லில்தான் என் சம்பளம் ஓடுகிறது.

முருகேசன் அண்ணனுக்கு வந்தது. ரமேஷ் சாருக்கு வந்தது. அப்பா கேட்கவே இல்லை. மற்றவர்கள் என்னைச் சூழ்ந்துகொள்ளும்போது அவர் ஜன்னலருகே நின்று, ஒன்றுமே இல்லாத ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் செல்வம் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: 'அப்பாவோடது திரும்பி வந்துருச்சு. மறுபடி போட்டிருக்கேன். வந்தா உண்டு.' படித்து முடித்துத் தலையைத் தூக்கினால் அப்பா எதிரில் நிற்கிறார். தம்பி, என்னோடது என்ன ஆச்சு என்றார். பக்கத்தில் ரமேஷ் சார். தனியாகக் கூட்டிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பிராசஸிங்ல இருக்கு சார்" என்றேன். நாக்கு தடுமாறக்கூட இல்லை.

அப்பா என் முகத்தையே பார்த்தார். கனடா என்ன ஆச்சு என்று நான் எத்தனையோ தடவை கேட்டு, அவர் எனக்குச் சொன்ன பதிலும் இதே சொல்தான். அதற்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று அவருக்கா தெரியாது? ரமேஷ் சார் டீ எடுக்க நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நான் சொல்றப்ப உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

பஸ் யாருக்காகவும் நிற்காது

வெயில் இறங்கத் தொடங்கியதும் செல்வம் அண்ணன் போனில் கூப்பிட்டு, விசா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பு என்றார். அப்பாவை எப்படிண்ணே என்றேன். அப்பாவுக்காக நிறுத்தினால் மற்றவன் சித்தப்பாவுக்கும் நிறுத்தச் சொல்வான் என்றார். நியாயம்தான். நான் இறங்கி அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கினால் என் வேலை போகலாம். என் விசா செல்வம் அண்ணன் போட்டது. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே விசா அதுதான். இதையெல்லாம் யோசித்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம். உண்மையில், அண்ணன் கிளம்பு என்றதும் என் கால் தானாகப் படியில் ஏறிவிட்டது.

அப்பா ஹோட்டல் வாசலில் நின்றார். விசா மாற்ற வருகிறவர்கள், திரும்ப முடியாமல் போனால் என்று பெரிய பெட்டியோடு வருவார்கள். அப்பா லேப்டாப் பையோடு வந்திருந்தார், மீட்டிங்குக்குப் போகிற மாதிரி. லேப்டாப்பைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பைக்குள் ஒரு லுங்கியும் துண்டும்தான். அவர் பஸ்ஸைப் பார்த்துக் கை தூக்கினார், எனக்கில்லை, ரமேஷ் சாருக்கு. ரமேஷ் சாரும் ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். பெரிய ஆளாக இருந்தவர் தம்பி, இப்போது பாருங்கள், கூட வந்து நிற்க ஒரு ஆள் இல்லை, பிள்ளைகுட்டி இருக்கிறதோ இல்லையோ என்றார்.

கான் பாய், யல்லா, கிளம்பலாம் என்று கதவை மூடப் போனார். நான் படியிலிருந்து தலையை நீட்டி, "அப்பா" என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்கு பஸ்ஸிலும் நான்தான் வருவேன், சாப்பிடாமல் இருக்காதீங்க என்றேன். அப்பா முதலில் ரமேஷ் சாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் சத்தமாகவே, மாத்துச் சட்டை ஒன்று எடுத்துட்டு வாடா, இஸ்திரி போட்டதாகப் பார்த்து எடுத்துட்டு வா என்றார். கான் பாய் கதவை மூடினார். எல்லை வருகிறவரை ரமேஷ் சார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். எல்லையில் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"தம்பி, அந்த வெறும் பக்கம் ஸ்கேன் எடுத்தது... இப்பவும் அப்பாகிட்ட சொல்ல மாட்டீங்கள்ல?"

அப்பா மறுநாள் பஸ்ஸில் வரவில்லை, சட்டையைக் கொடுத்துவிட்டு நான் மட்டும் திரும்பினேன். அதற்கடுத்த பஸ்ஸில் விசாவோடு வந்தார். கனடா இன்னும் பிராசஸிங்கில் இருக்கிறது, சோபா இன்னும் கெமிஸ்ட்ரி மேல் நிற்கிறது.

நாட்டுக்குள் இருக்க அவரவருக்கு ஒரு விசா, பஸ்ஸுக்குள் இருக்க எல்லாருக்கும் ஒரே சார் என்பதுதான் எங்கள் தொழில், இறங்குகிற வரைக்கும் அப்படியே கூப்பிடு என்றுதான் அப்பாவும் சொல்லியிருந்தார், நான்தான் கடைசிவரை அப்படிக் கூப்பிடவில்லை.