விற்பதற்கு முன் ஒரு சர்வீஸ்

எங்கள் வீட்டில் எதை விற்பதாக இருந்தாலும் முதலில் அதற்கு ஒரு சர்வீஸ் நடக்கும். அது அப்பா போட்ட சட்டம். பழைய மொபெட்டை விற்ற சமயத்தில் புதுச் செயின் மாட்டி, சீட்டுக்கு உறை தைத்து, மட்கார்டுக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்தியதில், அதைக் கொடுக்க அம்மாவுக்கே மனசு வரவில்லை. அப்பா பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருந்தார். பருப்பைப் புடைத்து, உடைசலைத் தனியே எடுத்துவிட்டு, முழுசை மட்டும் காட்டினால் விலை தானாக ஏறும் என்பது அவர் தினமும் கண்ட உண்மை. ஆகவே உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் முந்திரிப் பருப்பைப் போலத்தான் என்று முடிவு கட்டியிருந்தார்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் விற்பனைக்கு வந்தது சித்தியின் பேஸ் கிட்டார்.

சித்தி அம்மாவின் தங்கை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு மஞ்சக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தாள். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் பேஸ் வாசிப்பாள். சாதாரண கிட்டாரைவிடக் கழுத்து நீளம், நாலே நாலு தடித்த கம்பி, அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு சத்தம். உண்மையைச் சொன்னால் கொயர் பாடும்போது அந்தச் சத்தம் தனியாக என் காதில் விழுந்ததே இல்லை. சித்தி வராத வாரங்களில் மட்டும் பாட்டு என்னவோ சவசவ என்று இருக்கும். அதற்கு ஃபேன் ஓடாததுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

சித்திக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பூ வைத்துவிட்டுப் போன மறுநாளே கிட்டாரை விற்றுவிடலாம் என்று அம்மா ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் திறப்பார்கள் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது.

“புதுப் பொண்ணு கிட்டாரத் தூக்கிக்கினு போயி எறங்குனா அவுங்க என்னா நெனைப்பாங்க? நாளைக்கு ஒரு சொல்லு வந்தா யாரு தாங்குறது?” என்றாள்.

வராத சொல்லுக்குப் பயப்படுவதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. நகையிலிருந்து மண்டபம் வரை அக்காவும் மாமாவும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும்போது, இது மட்டும் எனக்கு வேண்டும் என்று சித்தி எந்த வாயால் சொல்வாள்? இரண்டு நாள் அவள் வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்தாள். பாதி குடித்த காபியை வைத்துவிட்டு மறப்பாள், துவைத்த துணியையே மறுபடி ஊறவைப்பாள். நானும் பின்னாலேயே நடந்தேன். விற்றுவிட்டால் சித்தி என்ன ஆவாள் என்று எனக்குக் கவலை.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டில் சித்தி தானாகவே பேச்சை எடுத்தாள். “விக்கிறதுன்னு ஆயிடுச்சி. சும்மா குடுத்தா அடிமாட்டு வெலக்கித்தான் கேப்பாங்க மாமா. ஒரு சர்வீஸ் பண்ணிட்டுக் குடுக்கலாம்.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் ஒருத்தியாவது தன் சட்டத்தைப் புரிந்துகொண்டாளே என்ற பூரிப்பு. எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஆயிரத்து எண்ணூறு என்றாள் சித்தி. பூரிப்பு கொஞ்சம் வற்றியது.

“நாலு கம்பிய முறுக்குறதுக்கா? மோட்டார் பைக்குக்கே அவ்ளோ ஆவாதேம்மா.”

“சிதம்பரத்துல ரிப்பேர் பண்றவரு ஒருத்தரு இருக்காரு மாமா, புதுக் கம்பி அவரே போட்டுருவாரு. கழுத்து வளஞ்சிருக்கு, அத நிமித்தணும். கடக்காத்துல துரு வேற. முழு செட்டப். மெட்ராஸ்ல குடுத்தா இன்னும் ஜாஸ்தி.”

அப்பா மனக்கணக்குப் போட்டார். போட்ட காசு திரும்பி வந்து மேலேயும் நிற்கும் என்று தெரிந்ததும் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கூடவே என்னையும் அனுப்பினார். என்ன செய்கிறான், எத்தனை நேரம் செய்கிறான், பழைய கம்பியையே துடைத்து மாட்டுகிறானா என்றெல்லாம் பார்த்து வந்து சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அதுவரை எனக்கு யாரும் பொறுப்பு என்று ஒன்றைக் கொடுத்ததில்லை. நான் பூமியில் கால் பாவாமல் நடந்தேன்.

சிதம்பரம் பஸ்ஸில் கிட்டாரை நிற்க வைத்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். சிப்காட்டைத் தாண்டும்போது பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. சித்தி மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தொடையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியும் நிறுத்தவில்லை. பதற்றமாக இருக்கிறதா என்று கேட்டேன். சும்மா வா என்று அதட்டினாள். என்னை அவள் அதட்டியதே கிடையாது.

சிதம்பரம் ரயிலடிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது ரிப்பேர்காரரின் அறை. லால்பேட்டைக்காரர். துபாயில் வாத்தியக் கடையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, அறை முழுக்க அத்தர் வாசனை, ஏசி. சுவரில் பாட்டுக்காரர்கள் தோளில் கை போட்டு அவர் நிற்கும் போட்டோக்கள். தம் தொழிலைப் பற்றி அவரே கொஞ்ச நேரம் பெருமையாகப் பேசினார். அப்பா சொல்லிக் கொடுத்தபடி, ஆயிரத்து இருநூறுக்கு முடித்துத் தரும்படி நான் கேட்டேன்.

“பாப்பா, பேரம் பேசுறதுக்கு மீன் மார்க்கெட் கீழதான் இருக்குது. போயிட்டு வரியா?” என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதன்பின் வாயை மூடிக்கொண்டு வேவு பார்க்கும் வேலையை மட்டும் செய்தேன். அவர் கிட்டாரைத் தொடவே இல்லை. முதலில் சித்தியை வாசிக்கச் சொன்னார். சித்தி வாசித்தாள். அவர் கிட்டாரைப் பார்க்காமல் அவள் விரல்களையே பார்த்தார்.

“நீங்கதான வாசிக்கப் போறீங்க? இல்ல, வேற யாருக்காச்சுமா?”

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி என்னைப் பார்க்காமல், “நான் மட்டுந்தாண்ணே,” என்றாள்.

பச்சைப் பொய். ஆனால் எனக்கு உடனே காரணம் விளங்கிவிட்டது. விற்கப் போகிறோம் என்று தெரிந்தால் இந்த மனிதர் ஏனோதானோ என்று செய்துவிடுவாரே! சித்தியின் சாமர்த்தியத்தை நினைத்து நெஞ்சு விம்மியது.

“ஒங்க கை ரொம்ப மெதுவா வுழுது,” என்றார் அவர். “கம்பிய நல்லா கீழ எறக்கிடலாம். தொட்டா போதும், பேசும். ஆனா ஒண்ணு, அழுத்தி அடிக்கிற ஆளு கையில குடுத்தீங்கன்னா கரகரன்னு கத்தும். அப்புறம் என்னச் சொல்லக் கூடாது.”

“எவ்ளோ எறக்க முடியுமோ எறக்குங்கண்ணே.”

சாயங்காலம் வரை வேலை நடந்தது. கம்பிகளைக் கழற்றி, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுத் திருகி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளைத் தேய்த்து, புதுக் கம்பி போட்டு, திரும்பத் திரும்ப சித்தியை வாசிக்கச் சொல்லி, மயிரிழை மயிரிழையாக இறக்கினார். எனக்கு உட்கார முடியவில்லை. நாற்காலியில் ஏறினேன், இறங்கினேன், போட்டோக்களை எண்ணினேன், மூன்று தரம் பாத்ரூம் போனேன். கடைசியாக சித்தி வாசித்தபோது என் நாற்காலிக் கால் அதிர்ந்தது. சித்திக்குக் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நன்றாக ஆன பிறகா இதை விற்க வேண்டும் என்று எனக்கும் அழுகை முட்டியது.

வீட்டுக்கு வந்து பார்த்ததை எல்லாம் அப்பாவிடம் ஒப்பித்தேன். புதுக் கம்பிதான் போட்டார், நாள் முழுக்க உழைத்தார், ஏமாற்றவில்லை. கையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அப்பா திருப்தியாகத் தெரிந்த இடமெல்லாம் சொல்லி வைத்தார்.

முதலில் வந்தது நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கச்சேரிக் குழுக்காரர். கிட்டாரைத் தோளில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். தகரத்தைத் தரையில் தேய்த்தது போல ஒரு சத்தம். முகத்தைச் சுளித்து, கம்பி இடிக்குது என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்றுதான் இருந்தது.

அடுத்து வந்தவர்கள் இரண்டு கல்லூரிப் பையன்கள். அதிலே ஒருவன் வாசித்தான், கரகரத்தது. கிட்டாரில் கோளாறா, தன் கையில் கோளாறா என்று அவனுக்கே சந்தேகம் வந்து, “அக்கா, நீங்க கொஞ்சம் வாசிங்களேன்,” என்று நீட்டினான்.

இப்போது பார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சித்தி வாசித்தாள். ஐயோ, அதை வாசிப்பு என்று சொல்லக்கூடாது. கட்டைவிரலால் கம்பியைப் பிடுங்குவது போல அடித்தாள். தாளம் தப்பியது, சுரம் தப்பியது, வீடு முழுக்க ஒரே அலறல். நான் அறிந்த சித்தியின் கையே இல்லை அது.

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். “அக்கா, ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?” என்றான் ஒருவன். “சும்மா மாட்டி வெச்சிருந்தீங்களா?”

“ஆமாம்பா,” என்றாள் சித்தி. “ஏதோ ஆசைக்கி வாங்குனது.”

அப்பாவும் அம்மாவும் அங்கேதான் நின்றார்கள். சித்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொயரில் சித்தி இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று பாஸ்டரே சொல்லியிருக்கிறார். இந்த இரண்டு தடிப்பையன்கள் சிரிப்பதா? அவர்கள் பைக் டயரில் காற்றைப் பிடுங்கிவிட ஓடினேன். சித்தி என் ஜடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அன்று அப்பா ஆடித் தீர்த்தார். “ஆயிரத்து எண்ணூற வாங்கிக்கினு இருந்ததையும் கெடுத்துட்டான்! நாளைக்கே போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்.” நானும் கூட வருகிறேன் என்று குதித்தேன்.

“சம்பந்தி ஊர்லயே போயி சண்ட போடணுமா மாமா?” என்றாள் சித்தி. “கல்யாண நேரத்துல அவுங்க காதுல வுழுந்தா?”

அது அம்மாவுக்கான வார்த்தை. அம்மா உடனே அப்பாவை அடக்கினாள். அதற்குள் சித்தி ஒரு வழியும் சொன்னாள். இப்போதைக்குச் சாமான்களோடு கிட்டாரும் சிதம்பரம் வரட்டும், கல்யாணம் முடிந்ததும் அதே ஆளிடம் கொடுத்துச் சரிபண்ணி, அங்கேயே விற்றுப் பணத்தை அனுப்புகிறேன் என்றாள். அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில், போர்வை சுற்றி, பழுதான சாமான் என்ற பெயரில் கிட்டார் வேனில் ஏறியது.

அரையாண்டு லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா சோபாவில் சாய்ந்து பேப்பர் படிக்க, சித்தி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். பழைய கைதான். ஒரு கரகரப்பு இல்லை. அந்த ஆள் மறுபடி பார்த்துக் கொடுத்தாரா என்று கேட்டேன்.

“அவர்கிட்ட குடுக்கவே இல்லியே,” என்றாள்.

கிட்டார் தானாகவே சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அந்தப் பையன்களை வரவழைத்து வாசித்துக் காட்ட வேண்டும், அவர்கள் மூக்கு உடைய வேண்டும், அப்பாவுக்கு இப்போதே போன் போட வேண்டும் என்று சித்தியின் கையைப் பிடித்து உலுக்கினேன். சித்தப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

“வேணாம்டி. அவுங்க அப்புடியே நெனச்சிக்கினு இருக்கட்டும்.”

“ஒனக்கு வாசிக்கத் தெரியாதுன்னா?”

“ஆமா.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஒனக்கு ரோஷமே கெடையாதா சித்தி?”

“இருந்துச்சிடி,” என்றாள் சித்தி, கம்பியைத் தடவிக்கொண்டே. “அதத்தான் இதுக்குக் குடுத்துட்டனே.”

ஆயிரத்து எண்ணூறு ரூபாயும் அப்பாதானே கொடுத்தார், இவள் என்ன கொடுத்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.