நாளைக்கு வந்த பேய்கள்

நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் கதவில் சிவப்புப் பெயின்டில் ஏதோ எழுதியிருக்கிறது. எழுத்து கன்னடம். பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு. ஓசூருக்கு வந்த புதிதில் அது ஏதோ சாமி பெயர் என்று நினைத்துவிட்டேன். தினமும் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் படியிறங்குவேன். ஆறேழு மாதம் அப்படிக் கும்பிட்டிருப்பேன். கம்பெனியில் என்னோடு ஃபோர்க்லிப்ட் ஓட்டும் மாதேஷ் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். தேன்கனிக்கோட்டைக்காரன். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். நான் கதவைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"என்னாண்ணா பண்ற? அது சாமி இல்லண்ணா. 'நாளெ பா'ன்னு போட்டிருக்கு. நாளைக்கு வான்னு அர்த்தம்."

"யாரை வரச் சொல்லுது?"

"பேயத்தாண்ணா."

கீழ் வீட்டில் இருக்கும் ஓனரம்மா லட்சுமம்மாவிடம் கேட்டேன். அவர் அதைச் சொல்வதற்காகவே வருடக்கணக்கில் காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். "அது வந்து கதவத் தட்டும்பா. தெரிஞ்ச கொரல்லயே பேர் சொல்லிக் கூப்புடும். தொறந்தா அவ்ளோதான். இப்பிடி எழுதி வெச்சா, படிச்சிப் பாத்துட்டு, சரி நாளைக்கு வரலாம்னு போயிடும். நாளைக்கு வந்தாலும் அதே எழுத்துதான. ஜென்மத்துக்கும் அலைய வேண்டியதுதான்."

"பேய்க்குப் படிக்கத் தெரியுமாம்மா?" என்றாள் என் மனைவி செல்வி.

"பெங்களூர் பக்கத்துப் பேய்மா. படிச்சிதான் இருக்கும்."

"தமிழ்ப் பேய் வந்தா?"

"அதுக்கு இன்னா இங்க வேல? உன் வூட்டுக்காரரு மாதிரி அதுவும் கான்ட்ராக்ட்ல வந்தா அப்பப் பாத்துக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "எதுக்கும் மூணாவது தடவ கூப்புட்டாத்தான் தொறக்கணும். பேயிக்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்புட வராது." செல்வி வேகமாகத் தலையாட்டினாள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஓசூருக்கும் எங்கள் ஊருக்கும் பொதுவாக அவள் கண்டுபிடித்த முதல் விஷயம் அதுதான்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். சாத்தான்குளத்தில் பஸ் ஏறித் தூங்கி எழுந்தால் ஓசூர், இதற்கெல்லாம் புலம்பெயர்தல் என்று பெயரா என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம்தான். ஆனால் வந்த வாரத்தில் மளிகைக் கடையில் "என்ன வேய், சீனி இருக்கா?" என்று கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கேரளாவா?" என்றார். தமிழ்தான் என்றேன். நம்பவில்லை, சர்க்கரையைக் கொடுத்துவிட்டு மலையாளத்தில் விலை சொன்னார். என்னைப்போல் மதுரைக்கு வடக்கே வந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். அவரவர் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கம்பெனிக்குள் நுழைகிறோம்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடியில் உப்பளம், மும்பையில் இட்லி வண்டி, திருப்பூரில் பனியன் கட்டு சுமப்பது, கத்தாரில் கேபிளுக்குக் குழி வெட்டுவது என்று போய்க்கொண்டே இருந்தேன். கத்தாரில் எனக்கும் இன்னொருவனுக்கும் சேர்த்து ஒரு கட்டில். நான் பகலில் படுப்பேன், அவன் இரவில். அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது, தலையணையில் அவன் எண்ணெய் வாசனை மட்டும் தெரியும். யாரும் என்னைத் துரத்தவில்லை. ஓரிடத்தில் வருடம் ஒன்று தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை. அதில் அடிபட்டது என் மகள்தான். ஐந்தாம் வகுப்புக்குள் அவளுக்கு நாலு பள்ளிக்கூடம். ஓசூர் வந்த பிறகு புத்தகப் பையிலிருந்து புத்தகங்களை எடுத்து அலமாரியில் அடுக்கவே மாட்டாள். "எப்பிடியும் போகத்தானப்பா போறோம்" என்பாள். அதைக் கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, மழை வரும்போலிருக்கு என்பதுபோலச் சொல்வாள்.

அவள் பெயர் இசக்கியம்மாள். எங்கள் குலதெய்வத்தின் பெயர். பேய்களெல்லாம் பார்த்துப் பயப்படும் அம்மன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கதவில் பேய்க்கு வாய்தா எழுதிய வீட்டில் இருப்பதே வேடிக்கைதான்.

எங்கள் வீடு இருக்கும் இடமும் ஒரு வேடிக்கை. லட்சுமம்மா குடும்பம் முட்டைக்கோஸ் போட்டுக்கொண்டிருந்த நிலம் முழுவதும் இப்போது வில்லாக்கள். நிலத்தை விற்றவர்கள், குடியிருந்த பழைய வீட்டை மட்டும் விற்கவில்லை. அதனால் வில்லாக்களின் பெரிய கேட்டுக்குள், தார்ச்சாலையின் நடுவே, எங்கள் வீடு வரிசையில் நிற்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வில்லாக்காரர்கள் பெரும்பாலும் பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வண்ண பலூன்கள் எங்கள் மொட்டை மாடிவரைக்கும் பறந்து வரும். அழைப்பு மட்டும் வராது. அந்த வருடம் ஆந்திரப் பக்கம் ஒரு புதுக் கம்பெனிக்கு ஆள் எடுப்பதாக மேஸ்திரி கண்ணப்பன் போன் பண்ணிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. செல்வியிடம் மெதுவாகச் சொன்னேன். "பிள்ளைக்கு இங்க ஒரு கூட்டாளி கிடைக்கட்டும், நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். கிடைக்கலைன்னா எங்க கூப்பிட்டாலும் வாரேன்" என்றாள். பந்தயம்போல அது எங்கள் நடுவில் கிடந்தது. மகளுக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் அவள் ஓடிவந்தாள். "அப்பா, ஹாலோவீன்! லேஅவுட் பசங்கல்லாம் பேய் டிரஸ் போட்டு வீடு வீடா வருவாங்க. யார் வீட்டுக் கதவுல ஆரஞ்சு பேப்பர் ஒட்டியிருக்கோ அங்க வந்து ட்ரிக் ஆர் ட்ரீட்னு கேப்பாங்க, நாம ஸ்வீட் குடுக்கணும். நாமளும் ஒட்டலாம்பா!"

எனக்கு முதலில் புரியவில்லை. கம்பெனியில் மெஷின் நின்றால் 'ட்ரிப்' என்பார்கள், பதவி உயர்ந்தவனிடம் 'ட்ரீட்' கேட்பார்கள். அவள் விளக்கி முடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு இங்கிலீஷ்? எங்கள் பக்கத்துத் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கியவன்தானே நான். காளி, குறவன், போலீஸ், கரடி என்று தெருவே வேஷமாகத் திரியும். பதினான்கு வயதில் எனக்குக் கிடைத்தது எமனுடைய கணக்குப்பிள்ளை வேஷம். மீசை ஒட்டிய பசையில் உதடு வீங்கி, பத்து நாள் கஞ்சிதான் குடித்தேன். ஆனால் ஒரு வீட்டிலும் 'நாளைக்கு வா' என்று சொன்னதில்லை. வேஷக்காரனைத் திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது. இதை மகளிடம் சொன்னேன். "நீங்க ட்ரிக் ஆர் ட்ரீட் போயிருக்கீங்களாப்பா?" என்று முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தாள்.

செல்விக்குத்தான் சம்மதமில்லை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல மகாலட்சுமி வருவாளான்னு பார்ப்பமா, பேய் வருமான்னு பார்ப்பமா?" என்றாள். என்றாலும் அடுப்பில் பாசிப்பயறு வறுபடும் வாசனை வந்தது. முந்திரிக்கொத்து செய்தாள். பயறும் உடன்குடிக் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் பண்டம். அதில் முந்திரி கிடையாது. மகள் சாக்லேட்தான் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். "வாரது பேயா இருந்தாலும் நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம பலகாரம்" என்று சொல்லிவிட்டாள் செல்வி.

வில்லா வாசல்களில் மஞ்சள் பூசணிக்குக் கண், மூக்கு, பல் வெட்டி, உள்ளே விளக்கு வைத்திருந்தார்கள். லட்சுமம்மா ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்து, "திருஷ்டிப் பூசணிதான். மேல கட்டத் தெரியாம கீழ வெச்சிருக்காங்க, பாவம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை கதவில் ஆரஞ்சு பேப்பரை ஒட்டிவிட்டு, என் கறுப்பு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். தரையில் புரண்ட கோட்டுக்குள் அவள் பாதம் தெரியவில்லை. தட்டு நிறைய முந்திரிக்கொத்து. தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. படியில் காலடிகள் ஏறி வந்தன. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கிசுகிசு என்று ஏதோ பேச்சு. அப்புறம் அதே காலடிகள் இறங்கிப் போயின. தட்டவே இல்லை. அவள் கதவைத் திறந்தாள். ஆளில்லாத படியில் ஒரு காகித வௌவால் மட்டும் கிடந்தது.

அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். ரெயின்கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்தாள். "பரவாயில்லப்பா. ஆந்திராவுல தெலுங்குதானா பேசுவாங்க?" என்று கேட்டாள். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். கையில் எடுத்த முந்திரிக்கொத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

வெளியே போய் நின்று கதவைப் பார்த்தேன். ஆரஞ்சு பேப்பருக்கு நேர் மேலே, சிவப்பாக, பெரிதாக: நாளெ பா. அந்தப் பிள்ளைகள் முன்பு பெங்களூரில் படித்தவர்கள், கன்னடம் வாசிப்பார்கள். தினம் பார்த்துப் பழகிய எங்களுக்குத்தான் அது எழுத்தாகவே தெரியாமல் போயிருந்தது. ஒரு பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அழிக்கப் போனேன். சத்தம் கேட்டு லட்சுமம்மா படியேறி வந்துவிட்டார்.

"ஏய், தொடாத! எத்தினி வருசமா இருக்கு தெரியுமா? ஒரு பேயாவது உள்ள வந்திருக்கா?"

"அதாம்மா பிரச்சனை. இன்னைக்கு அஞ்சாறு பேய் வந்துச்சு. படிச்சிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருச்சு."

லட்சுமம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நெஜமாவா? படிச்சிட்டுப் போச்சா? பாத்தியா, வேல செய்யிது!" இத்தனை வருடம் கழித்து அவருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. கீழே போய்த் தங்கைக்குப் போன் போட்டு, தெலுங்கில் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. மாலையில் நாங்கள் மூவரும் வீட்டில்தான் இருந்தோம். கதவு தட்டப்பட்டது.

"இஷா!" என்று வெளியே ஒரு குரல்.

நான் எழுந்தேன். செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். "முதல் தடவை."

"இஷா!"

"ரெண்டு" என்றாள் செல்வி. முகம் வெளுத்துவிட்டது. "யாரைக் கூப்பிடுது? நம்ம வீட்டுல ஏது இஷா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாம்மா. ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானே அப்பிடிச் சொல்லிக்கிட்டேன்."

செல்வி அவளைப் பார்த்தாள். பிடித்த என் கையை விடவில்லை. வெளியே காலடிகள் நகர்ந்தன. ஒன்று, இரண்டு படி இறங்குவதும் கேட்டது. மகளின் உள்ளங்கையைச் செல்வியின் இன்னொரு கை தேடிப் பிடித்தது. மூன்றாவது அழைப்பு வராது என்றே நினைத்தேன். அப்போது, வகுப்பில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கிற தோரணையில், அதே குரல் ஓங்கிக் கத்தியது:

"இசக்கியம்மாள்! இருக்கியா இல்லியா?"

"உள்ளேன் டீச்சர்!" என்று கத்திக்கொண்டு மகள் ஓட, கதவைத் திறந்தது செல்விதான். குலதெய்வத்தின் பெயரை முழுதாகச் சொல்கிற பேய் உலகத்தில் கிடையாது என்று பிறகு என்னிடம் காரணம் சொன்னாள்.

வெளியே ஐந்து பிள்ளைகள், சாதாரண உடையில். ஒருவன் காதோரத்தில் மட்டும் நேற்றைய வெள்ளைப் பெயின்ட். முன்னால் நின்றது மகளின் வகுப்பில் படிக்கும், கண்ணாடி போட்ட ஒரு சிறுமி. "ஆன்ட்டி, ஆரஞ்சு பேப்பரும் இருந்துச்சு, நாளெ பான்னும் இருந்துச்சு. அப்போ உங்க வீட்டுல ட்ரீட் நாளைக்குத்தான்னு நெனச்சோம். அதான் வந்தோம்."

"இன்னைக்கும் அப்பிடித்தானம்மா போட்டிருக்கு?" என்றேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அங்கிள், அது நேத்து எழுதினது. நேத்துக்கு நாளைன்னா இன்னிக்குத்தான?"

இத்தனை காலம் வாசல் வாசலாக அலைந்த பேய்களுக்கு இந்தக் கணக்கு வரவில்லை. முந்திரிக்கொத்துத் தட்டு வந்தது. "இதுல கேஷ்யூ எங்க?" "இது பேயோட கிட்னியா?" என்று கேட்டுக்கொண்டே காலி செய்தார்கள். வௌவாலைத் தொலைத்தவன் வௌவாலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மகள் உள்ளே ஓடிப் போய், அவர்களுக்குத் தன் புத்தகங்களைக் காட்டுவதற்காகப் பையைத் தரையில் கவிழ்த்தாள். புத்தகமெல்லாம் சிதறின. அவர்கள் போன பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

அடுத்த நாள் அந்தக் கன்னட எழுத்துக்குக் கீழே சாக்பீஸால் 'ஃப்ரெண்ட்ஸ் மட்டும் இன்னைக்கே வாங்க' என்று தமிழில் எழுதினாள். லட்சுமம்மா வந்து பார்த்து யோசித்தார். பேய்க்குத் தமிழ் தெரியாது என்பதால் அனுமதித்தார். மேஸ்திரி கண்ணப்பன் இப்போதும் போன் பண்ணுகிறார். "எப்பப்பா வர்றே?" என்பார். "நாளைக்குச் சொல்லுதேன்" என்பேன். ஊரிலிருந்து அம்மாவும் கேட்கிறாள், எப்பல வாரே என்று. அவளுக்கும் அதே பதில்தான். இரண்டு பேரிடமும் நான் பொய் சொல்லவில்லை. கால் இன்னும் அரிக்கத்தான் செய்கிறது.

ஷிப்டு முடிந்து படியேறி வந்தால் கதவு சாத்தியிருக்கும். மேலே நாளைக்கு வா, கீழே இன்னைக்கே வா. இரண்டில் எது எனக்கு எழுதியது என்று தெரியாமல் கொஞ்சம் நிற்பேன். பழக்கதோஷத்தில் என் கை, வாசிக்கத் தெரியாத எழுத்தைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றும். பிறகு "செல்வி" என்று கூப்பிடுவேன். உள்ளே நடமாட்டம் கேட்கும், கதவு திறக்காது. இன்னொரு தடவை கூப்பிடுவேன். அப்போதும் திறக்காது. உள்ளே தாயும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்கும். மூன்றாவது தடவையும் கூப்பிட்ட பிறகுதான் நான் வீட்டுக்காரன்.