சாவி கொடுக்காத கிராமபோன்

மும்பை தாராவியில் தனியாக இருக்கிறேன். கிராமபோன் பழுது பார்ப்பது என் தொழில். ஞாயிறு காலையில் மாட்டுங்காவில் போடும் பழைய தமிழ்ப் படங்களிலும் கிராமபோனைத்தான் தேடுவேன்.

ஒருநாள் படத்தில் கதாநாயகி அழுதபடி இசைத்தட்டை வைத்தாள். சாவியே கொடுக்கவில்லை, பாட்டு வந்துவிட்டது. கொட்டகையே கண்ணைத் துடைத்தபோது நான் சிரித்துவிட்டேன்.

“அழுவுற எடத்துல என்னவே சிரிப்பு?” என்றார் முன்வரிசைக்காரர். கூனிக் குறுகினேன்.

பின்னாலிருந்து ஒருவர் என்னிடம் சொன்னார்: “சாவி குடுக்காமலே பொட்டி பாடுதுல்லா, சிரிக்காம என்ன செய்ய? என்ன அண்ணாச்சி?”

என்னைப் போல் இன்னொருவர். திரும்பிப் பேசக் கூச்சம். படம் முடிந்து திரும்பியபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

இன்றும் அதே வரிசையில்தான் உட்காருகிறேன். படத்தில் ஒழுங்காகச் சாவி கொடுத்தாலும், பின்வரிசை வரை கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சிரிக்கிறேன்.