வெள்ளிக்கிழமை எண்பது மில்லிமீற்றர்

யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழனுக்கு இரண்டு காரியம் ஆகாது. தெருவில் ஓடக்கூடாது. ஓடிக்கொண்டே "எல்லாரும் வெளியில வாங்கோ" என்று கத்தவே கூடாது. எனக்கு வாய்த்த உத்தியோகமோ அந்த இரண்டையும் கேட்கிற உத்தியோகம். வெள்ளம் வருமுன் சொல்கிறவன் நான்.

பெருமழை பெய்தால் கொழும்பின் கால்வாய்கள் சில மணித்தியாலத்தில் பொங்கிவிடும். எங்கெங்கே எவ்வளவு பெய்தது என்று டெலிபோனில் கேட்டு, நான் வேலைபார்த்த அரசாங்கக் கந்தோரில் இருந்த ஒரே கொம்பியூட்டருக்குக் கொடுப்பேன். நிலம் எவ்வளவு குடிக்கும், மிச்சத் தண்ணீர் எத்தனை மணிக்குக் கால்வாய்க்கு வந்துசேரும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்கை எழுதியவன் நானே. ஆகையால் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

வெள்ளவத்தையில் கால்வாய்க்கரை ஒழுங்கை ஒன்றில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்துக்காரி. சாரி பிளவுஸ் தைத்துத்தான் சீவியம். முந்தின வருஷ வெள்ளத்தில் அவருடைய தையல் மெஷின் சேற்றுக்குள் நின்று, திருத்தி எடுக்கும்வரை இரண்டு மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை. கந்தோரிலிருந்து ஒரு மழைமானியைக் கொண்டுவந்து அவர் முற்றத்தில் வைக்கக் கேட்டபோது உடனே சம்மதித்தார்.

"வையும் தம்பி. வெள்ளம் வாறதெண்டா முதல் எனக்குச் சொல்லிப்போடும். மெஷினை மேசையில ஏத்தவேணும்."

அதைக் கொண்டுவந்த அன்று சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதை ஷெல் என்று நினைத்துப் பத்தடி பின்னால் போனான். நான் வானத்தைக் காட்டி "வெஸ்ஸ, வெஸ்ஸ" என்று சிங்களத்தில் சொன்னேன். மழை அளக்கும் சாமான் என்று விளங்கியதும் சிரித்தான். நாளைக்கு லீவில் ஊருக்குப் போகிறானாம், அங்கே மழை பெய்யுமா என்று கேட்டான். பெய்யாது என்றேன். அவன் ஊரில் கொட்டு கொட்டென்று கொட்டியதாம்.

மழைமானி பெரிய விஷயமில்லை. ஒரு தகர உருளை, அதற்குப் புனல் வைத்த மூடி, உள்ளே ஒரு போத்தல். காலை எட்டரைக்குப் போத்தலில் சேர்ந்ததை அளவுச்சாடியில் ஊற்றிப் பார்க்கவேண்டும். முதல் நாலு நாளும் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர். வெள்ளிக்கிழமை பார்த்தால் எண்பது! இரவு தூறியது தெரியும். ஆனால் முற்றத்து மண் காலில் ஒட்டக்கூட இல்லை. அதை என் கண் கண்டது. படித்தவன் அல்லவா, கண்ணை விட்டுவிட்டுச் சாடியை நம்பினேன்.

எங்கள் பக்கத்துக்கு இந்த ஒரு மழைமானிதான்; அதை வைத்துக் கொம்பியூட்டர் பின்னேரம் இரண்டு மணிக்கு ஒழுங்கையில் வெள்ளம் என்றது. பஸ் பிடித்து வந்து, ஓடாமல், மரியாதையான நடையில் வீடு வீடாகச் சொன்னேன். பிரிஜ்கள் மேசையேறின. அன்ரியின் மெஷினை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கினோம். சனம் மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்பதைக் கண்ட பொலிஸ், குண்டு என்று நினைத்து ஒழுங்கையை மூடிச் சோதனை போட்டது. இரண்டு மணிக்கு நல்ல வெயில். அன்று முதல் என்னைக் கண்டவுடன் குடையை விரிப்பது ஒழுங்கைக்காரருக்கு விளையாட்டாகிவிட்டது.

அடுத்த வெள்ளி விடியற்காலை எழும்பி ஜன்னலால் பார்த்தேன். அன்ரி தலைமுழுகி, விளக்கேற்றி, குடம், வாளி, கேத்தல் எல்லாவற்றையும் நிரப்பினார். பிறகு முற்றத்துக்கு வந்து மழைமானியின் மூடியைப் பக்குவமாகக் கழற்றிப் போத்தலுக்குள் ஒரு செம்பு தண்ணீர் வார்த்தார்.

"என்ன அன்ரி செய்யிறியள்?"

"வெள்ளிக்கிழமையில வீட்டில வெறும் பாத்திரம் இருக்கப்படாது தம்பி. இதுவும் பாத்திரம்தானே? போன கிழமையும் வாத்தனான்."

"இதுக்குள்ள வாக்கவேண்டாம் அன்ரி."

"நீர் வந்து ரெண்டு கிழமைதான் ஆகுது. அதுக்குள்ள என்ர வீட்டு வெள்ளிக்கிழமையில கைவைக்கிறீரோ?"

மெல்ல ஜன்னலைச் சாத்தினேன். அந்த நாட்களில் தனி ஆளாக ஒரு தமிழன் கொழும்பில் அறை எடுப்பது லேசல்ல. கந்தோரிலும் சொல்லத் துணிவு வரவில்லை. தமிழன் அரசாங்கத்துக்குப் பொய்த் தரவு கொடுத்தான் என்று எவனாவது ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்? ஆகவே ஒரு கெட்டித்தனம் செய்தேன். அன்ரி இல்லாத நேரம் அந்தச் செம்பால் அளந்து பார்த்தேன். சரியாக எண்பது மில்லிமீற்றர். வெள்ளிக்கிழமைகளில் எண்பதைக் கழித்துவிட்டு எழுதினேன். கணக்கு அழகாக வந்தது. அன்ரியையே கணக்குக்குள் அடக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, விடியப்புறம் பிடித்த மழை எட்டரைக்கும் விடவில்லை. குடையோடு போய் அளந்தேன். நூறு. எண்பது போக இருபது. கொம்பியூட்டர் பயமில்லை என்றது. கந்தோருக்குப் போகுமுன் "மெஷினை ஏத்தவோ தம்பி?" என்று கேட்ட அன்ரிக்கு "தேவையில்லை" என்றுதான் சொல்லியிருந்தேன். பத்து மணிக்குக் கந்தோரிலிருந்து ஒழுங்கை முனையிலிருந்த கடைக்கு டெலிபோன் பண்ணி எல்லாருக்கும் அதையே சொல்லச் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். நான் வந்து சேர்ந்தபோது முன் அறையில் முழங்கால் தண்ணீர். மெஷினின் மோட்டர் அதற்குள் முழுகிப்போயிருந்தது. கலியாண வீடொன்றுக்குத் தைத்த பன்னிரண்டு பிளவுஸ்களும் சாயம் விட்டு மிதந்தன. அன்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்ரி, காலமை அதுக்குள்ள தண்ணி வாத்தனீங்களோ?"

"இல்லையே. மூடியைக் கழட்டிப் பாத்தன், போத்தலில அரைவாசிக்கு மேல மழைத்தண்ணி நிண்டது. தண்ணி இருக்கிறதுக்குள்ள ஆரும் வாப்பினமோ?"

நான் எண்பதைக் கழித்துவந்த கதையை அப்போதுதான் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அன்ரி என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே தம்பி. நான் அடுப்படியிலதானே நிண்டனான்."

சேர்ட் கையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் பிளவுஸ்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.