அக்கா எழுதிய இரண்டு பக்கம்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சை விவசாயி வீட்டுத் தலைப்பிள்ளையாகப் பிறந்து, பயிர் நோய் ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்த எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கு, "அந்தப் பிள்ளை அப்படி என்னதேன் கண்டுபிடிச்சுச்சு?" என்ற கேள்வி இருக்கும். தம்பியான எனக்கே இருந்தது. கம்பத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன் நான். எந்த மோட்டாரானாலும் திறந்து பார்த்துவிடுவேன். அக்காவின் ஆராய்ச்சியை மட்டும் அவர் இருந்தவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அவ எழுதுனதையெல்லாம் மலர்ல வரிசையாப் போடுடா" என்றார் அப்பா. அக்காவின் மாணவியும் இன்று மதுரையில் பேராசிரியருமான பவானி பட்டியலை அனுப்பினார். ஒவ்வொரு கட்டுரைக்கு எதிரிலும் ஓர் எண். அந்தக் கட்டுரையைப் பிற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்காம். அக்கா வருடக்கணக்கில் உழைத்து எழுதிய கட்டுரைகளுக்கெல்லாம் சின்னச் சின்ன எண்கள்தான். இரண்டே பக்கமுள்ள ஒரு கட்டுரை மட்டும், மற்றதையெல்லாம் கூட்டினாலும் எட்டாத உயரத்தில் இருந்தது.

அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. திராட்சைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மிச்சமெல்லாம் சர்க்கரை நோய் மருத்துவர்கள், பள்ளிப் படிப்பை ஆராய்கிறவர்கள், மீன் வளர்ப்புக்காரர்கள்.

"ஏம்மா, திராட்சைக் கொடிக்கும் சுகர் டாக்டருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று போனில் கேட்டேன்.

"உங்க தோட்டத்துல நடந்ததுதாண்ணே. படிச்சுச் சொல்றேன், கேளுங்க" என்றார் பவானி.

அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், திராட்சை இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு ஒரு புது மருந்து தயாரித்தார். அப்பாவின் தோட்டத்தில் பாதி வரிசைகளுக்கு அதை அடித்து, மீதியைச் சும்மா விட்டார். மருந்தடித்த கொடிகள் தளதளவென்று நின்றன. கட்டுரை வந்தது, பாராட்டும் வந்தது. ஆனால் வேறு தோட்டங்களில் அந்த மருந்து துளியும் வேலை செய்யவில்லை. அக்கா, பத்திரப்படுத்தியிருந்த பழைய இலைகளை எடுத்துச் சோதித்தார். மருந்தடித்த வரிசை இலைகளில் மட்டும், விவசாயிகள் அந்த நோய்க்கு வழக்கமாக அடிக்கும் மயில்துத்தம் இருந்தது. அதை அவர் அடிக்கவே இல்லை.

"சும்மா விட்டுருங்க மேடம், யாரு கேக்கப்போறாக?" என்று உடனிருந்தவர்கள் சொல்லியும் கேட்காமல் எழுதியதுதான் அந்த இரண்டு பக்கம். 'என் மருந்து பயன் தரவில்லை. உதவ நினைப்பவரின் அன்பும் சோதனையைக் கெடுத்துவிடும். அதைக் கவனிக்கத் தவறியது என் பிழை.' அதனால் அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. ஆனால் சோதனை மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு, டாக்டருக்குத் தெரியாமல் கஷாயமும் கொடுக்கும் தாய்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்களே! அதனால்தான் அத்தனை துறைக்காரர்களும் அக்காவை மேற்கோள் காட்டுகிறார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"நாந்தேன்டா அடிச்சேன். புள்ள மொதமொதல்ல ஒண்ணு செய்யுது, தோத்துப்போனா எளக்காரமாப் பேசுவாகளேன்னு அடிச்சேன். அவ வேலைக்கே உலை வச்சுட்டேனே! அவளுக்குத் தெரியாமலே போயிருச்சு. ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேனேடா..."

எண்பது வயதுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பவானியைப் போனில் கூப்பிட்டு, அப்பாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். அக்காவுக்கு உண்மையிலேயே தெரியாதா என்று பவானியிடமே கேட்டேன்.

"மேடம் அதுக்கப்புறமும் எல்லாச் சோதனையும் அப்பா தோட்டத்துலதாண்ணே செஞ்சாங்க. ஆனா எந்த வரிசைக்கு என்ன மருந்துன்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குக் கண்டிப்பா சொல்லிருந்தாங்க."

அப்பா மெல்ல, "அதுக்குத்தேன் வெறும் நம்பரை எழுதிக் குச்சி குச்சியா நட்டு வச்சாளா? கள்ளி! தெரிஞ்சுக்கிட்டே வந்திருக்கா" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்தது அவருக்கு.

நோயோடு போராடிய கடைசி மாதங்களில் அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த ஊராருக்கும், மாணவி பவானிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவும் ஒரு வரி எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, அவர் கையெழுத்தோடு அச்சிட்டிருக்கிறோம்:

"அன்னைக்கு மயில்துத்தம் அடிச்சது நாந்தேன், ஆத்தா."