முன்னுக்கு இரண்டு பல்

அப்பா முப்பது வருடம் மோட்டார் சைக்கிளில் போய் மின்சார மீற்றர் வாசித்தவர். குச்சவெளிப் பக்கத்து மணலிலும் மாரிச் சேற்றிலும் ஓடியவர். ஒருநாளும் வண்டியைக் கீழே போட்டதில்லை. பென்சன் எடுத்த பிறகும், எழுபத்திரண்டு வயதில், காலையில் ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து கப்பல்துறைக்குப் போய் எங்கள் வாழைகளுக்குத் தண்ணீர் விட்டு வருவார். போவதில் எனக்கு வருத்தமில்லை, பறப்பதில்தான் வருத்தம். கண்டி வீதியில் அவர் ஒரு சீமெந்து லொறியை முந்திப் போனதை, என்னோடு படிப்பிக்கும் ஒருவர் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

எனக்குப் பொறுமை குறைவு, வாயும் நீளம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். அவரும் போய்விட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பது? ஏசினேன், வண்டித் திறப்பை ஒளித்தேன், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை" என்பார். அடுத்த நாளும் பறப்பார்.

கடைசியில் கள்ள வழியில் இறங்கினேன். வண்டியைச் சேவிஸுக்கு விட்ட அன்று, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கராஜ் வைத்திருந்த கிண்ணியா நானாவிடம் போய், வேகத்தைக் குறைக்க ஏதும் வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, முன்னுக்கு, என்ஜின் பக்கத்தில் செயினை இழுக்கும் சின்னப் பல்சக்கரத்தைக் காட்டினார். பதினாலு பல் உள்ளதைக் கழற்றிப் பன்னிரண்டு பல் உள்ளதைப் போட்டால் வண்டி கத்துமே தவிர ஓடாதாம். மூடிக்குள் இருப்பதால் அப்பாவின் கண்ணிலும் படாதாம். எனக்கு வேண்டியது அதுதான். சரி, போடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் பின்னால் கூப்பிட்டார்.

"டீச்சர், ஓட்டம் குறையும், ஆனா எடுப்பு கூடும், விட்ட உடனே பாயும். கிளச்சை மெள்ள விடச் சொல்லுங்க. மேட்டுல கவனம்."

ஓம் நானா என்றேன். ஆனால் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பார், குட்டு வெளிப்படும். மிச்சத்தை அவருடைய கை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

முதல் நாள் வந்து, வண்டி கடுமையாக இரைகிறது என்று முறைப்பட்டார். புதுச் செயின் அப்படித்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன். இரண்டாம் நாள், வீட்டுக்கு ஏறும் மேட்டில், ஊருக்குள் திரியும் மான்கள் குறுக்கே வரவும் நிறுத்தியிருக்கிறார். அவை போனதும், அத்தனை வருடமும் விட்ட மாதிரியே கிளச்சை விட்டிருக்கிறார். வண்டி பாய்ந்து இடப்பக்கமாகச் சரிந்தது. லொறியில் அடிபடாமல் நான் காப்பாற்றிய மனிதர், வீட்டுக்குக் கொஞ்சம் கீழே, நின்ற இடத்திலேயே விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

ஒப்பரேசன் செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நாலு அடி வைக்க ஏலாமல் போனது. ஆனால் அவர் இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கிளினிக்குப் போனால் டொக்டரிடம் கிளச் பிடித்த இடக்கையை நீட்டி, இதைப் பாருங்கள் என்பார். வண்டியைக் கண்ணில் காட்ட வேண்டாம், வித்துவிடு என்றார். பார்க்க வந்த எல்லோருக்கும் ஒரே கதைதான்.

"கை போட்டுது. கிளச் எந்த இடத்தில பிடிக்குதெண்டு என்ர கைக்குத் தெரியேல்ல."

நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் கொடுத்தேன். எதற்கும் நீளும் வாய் இதற்கு நீளவில்லை. கொஞ்ச நாளில் இடக்கையால் கோப்பை பிடிப்பதையும் விட்டுவிட்டார். ஒன்பது மாதம் அப்படியே போனது.

அப்போது கொழும்பிலிருந்து தம்பி, மனைவியோடும் மூன்று மாதக் குழந்தையோடும் வந்தான். அப்பாவுக்கு அதுதான் முதல் பேரப்பிள்ளை. தம்பியின் மனைவி குழந்தையை நீட்ட, கதிரையில் இருந்த அப்பா இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. இந்தக் கையை நம்ப ஏலாது."

அவள் குழந்தையை அறைக்குள் கொண்டுபோனாள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, கராஜுக்குப் போனது முதல் நானா சொன்னதை மறைத்தது வரை ஒரே மூச்சில் சொன்னேன். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"எத்தின பல்லு?"

"முன்னுக்கு ரெண்டு குறைச்சது."

இடக்கையை முகத்துக்கு நேரே தூக்கி, நாலு விரலையும் மெதுவாக மடக்கி விரித்தார்.

"அப்ப கை பிழை விடேல்ல, என்ன?"

"இல்லையப்பா. கை பிழை விடேல்ல."

அவர் ஏசவில்லை. உள்ளே பார்த்து, குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார். இடக்கையில்தான் வாங்கினார். அதன் தலையைத் தாங்கியிருந்த அந்தக் கையில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அப்பா இப்போது இல்லை. இடுப்பு உடைந்ததற்காக என்னை நான் ஒருமாதிரி மன்னித்துவிட்டேன். அது அவருடைய உயிருக்காகப் பயந்து நான் செய்த பிழை. ஆனால் ஒரு சொல்லில் தீர்ந்திருக்கக்கூடியதைச் சொல்லாமல், தன் கையைத் தானே நம்பாத மனிதராக அவரை ஒன்பது மாதம் அந்தக் கதிரையில் இருத்தி வைத்தேனே, அதை மன்னிக்க என்னால் இன்னும் ஏலாமல் இருக்கிறது.